காரணம் எண் நான்கு

கலைச்செல்வியின் வேலை கேள்வி கேட்பது. பதிலை எழுதுவது. அதற்கு மேல் அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு எந்த அதிகாரமும் இல்லை.

காய்ச்சலோடு நினைவு தடுமாறி வருகிறவர்களில் யாரை ஆய்வில் சேர்க்கலாம் என்பதை ஒரே பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள். மேல்பாதியில் ஆறு கேள்விகள். ஆறுக்கும் 'ஆம்' வர வேண்டும். கீழ்ப்பாதியில் ஐந்து. ஐந்துக்கும் 'இல்லை' வர வேண்டும். மூளையில் தொற்று இருக்கலாம் என்ற சந்தேகம் போதும், உறுதி வேண்டாம். ஆனால் சந்தேகம் சுத்தமாக இருக்க வேண்டும். தலையில் அடிபட்டிருந்தால் நீக்கு. பழைய வலிப்பு நோய் இருந்தால் நீக்கு. கீழ்ப்பாதியில் நான்காவது கேள்வி: நோயாளி அதிகமாகக் குடிப்பவரா?

சேர்க்கப்பட்டவரின் கட்டில் தலைமாட்டில் ஒரு பச்சை அட்டை தொங்கும். பச்சை அட்டைக்கு அன்றே எம்.ஆர்.ஐ. முதுகிலிருந்து எடுக்கும் நீர் வெளியூர் ஆய்வகத்துக்கு விமானத்தில் போகும். நரம்பியல் டாக்டர் தினமும் வந்து பார்ப்பார். அட்டை இல்லாதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. முறை வர எட்டு ஒன்பது நாள் ஆகும். சில சமயம் முறை வரும்போது கட்டிலில் வேறு ஆள் இருப்பார்.

சேர்க்கப்படாதவர்களுக்கு ஒரு பதிவேடு இருந்தது. முதலெழுத்து, வயது, நீக்கிய காரணத்தின் எண். முழுப் பெயர் எழுதக் கூடாது. பதினொரு மாதத்தில் அவள் அதிகம் எழுதிய எண் நான்கு. அப்படி எழுதப்பட்டவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். கம்பி வேலை, கொத்து வேலை, ஓட்டல் வேலை. அவளை வேலைக்கு எடுத்ததே அவர்களுக்காகத்தான். நர்ஸுகள் மலையாளத்தில் கேட்டால் அந்த வீட்டுப் பெண்கள் 'இடைக்கு' என்பார்கள். எப்போதாவது என்று அர்த்தம். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கலைச்செல்வி தமிழில் கேட்டால் உண்மையைச் சொன்னார்கள்.

"நின்னோடு ஆரும் கள்ளம் பறையில்லா," என்பார் டாக்டர் ஸ்ரீகுமார். உன்னிடம் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். ஆய்வை நடத்துகிறவர் அவர். அதைப் பாராட்டாகவே சொல்வார்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை உச்சிமாகாளியைக் கொண்டுவந்தார்கள். வயது நாற்பத்தொன்று. கம்பி கட்டுகிறவர். கட்டிலில் கிடந்தபடி இரண்டு கைகளாலும் காற்றில் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். கட்டுக்கம்பியை முறுக்குகிற அதே சுழற்சி. காய்ச்சல் நூற்று இரண்டு.

மனைவி இசக்கிசெல்வி வராந்தாவில் நனைந்த புடவையோடு நின்றிருந்தாள்.

"அக்கா, இவருக்கு எத்தனை நாளா காய்ச்சல்?"

இசக்கிசெல்வி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எம்மா, நீ தமிழா?"

"ஆமா. போனக்காடு."

"அது எங்க கெடக்கு?"

"விதுரா தாண்டி மேல. டீ எஸ்டேட்."

"நல்லாருப்ப. விடிஞ்சதுலேருந்து 'எந்தா, எந்தா'ன்னே கேக்காவ. எனக்கும் எந்தான்னு தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

பிறகு அவள் நிறுத்தவில்லை. ஊர் திசையன்விளை. இங்கே வந்து ஒன்பது வருடம். சாலை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் அறை. அவள் ஓட்டலில் வெங்காயம் உரிக்கிறாள்.

"மழைக்கு வேல இல்லம்மா. ரூம்லயே கெடந்தாவ. அஞ்சு நாளா சோறு இறங்கல. வாயில வச்சா வாந்தி. குப்பி மட்டும் இறங்குது. அது அஞ்சாறு வருசமா தினமும் உள்ளதுதான். முந்தாநாளு காய்ச்சல். நேத்துலேருந்து ஆளு தெரியல. என்னைய மேஸ்திரிங்காவ. 'மேஸ்திரி, ஸ்டீல் பத்தாது'ன்னு எங்கிட்ட சண்டை."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த நாலாங் கட்டில்ல பச்ச அட்ட தொங்குதே. அது எங்களுக்கு உண்டுமா?"

"ஏன் கேக்கறீங்க?"

"அந்தப் பையனோட அம்மா சொன்னா. அட்ட உண்டுன்னா வந்த அன்னைக்கே ஸ்கேனாம். அட்ட இல்லாட்டி எழுதிப் போட்டுட்டுப் போயிருவாவளாம்."

"கேள்வி கேட்டுதான் தீர்மானிப்பாங்க."

"கேளு. என்ன வேணும்னாலும் கேளு."

கலைச்செல்விக்குத் தெரிய வேண்டியதெல்லாம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. படிவத்தை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பதிவேட்டில் ஒரு வரி. உ. நாற்பத்தொன்று. நான்கு.

முன்பு கலைச்செல்வியின் அப்பாவையும் ஒரு சனிக்கிழமை எஸ்டேட் ஜீப்பில் மலையிறக்கிக் கொண்டுவந்தார்கள். வேறு ஆஸ்பத்திரி. அவளுக்கு அப்போது பதினாறு வயது. அப்பாவுக்குக் காய்ச்சல் இருந்தது, கழுத்து வளையவில்லை, பிதற்றினார். வாயில் சாராய வாசனையும் இருந்தது. சீட்டின் முதல் வரியில் குடிப்பவர் என்று எழுதினார்கள். இரண்டாவது வரியை யாரும் எழுதவில்லை. தெளிந்தால் பேசுவார் என்றார்கள். நான்காம் நாள் இறந்தபின் ஒரு டாக்டர் சொன்னார், மூளைக்காய்ச்சலாக இருந்திருக்கும் என்று. அவர் நல்லவர். அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

ஸ்ரீகுமார் பத்து மணிக்கு வந்தார். அந்த மாதம் நான்கு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். உச்சிமாகாளியின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், கழுத்தை மடக்கிப் பார்த்தார். நல்ல கேஸ் என்றார். கலைச்செல்வி கட்டிலருகே நின்று படிவத்தை விரித்தாள். எதிரே இசக்கிசெல்வி. ஸ்ரீகுமார் கலைச்செல்விக்குப் பின்னால் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் பேச வராது. கேட்டால் புரியும்.

மேல்பாதி ஆறும் ஆம். கீழ்ப்பாதியில் முதல் மூன்றும் இல்லை.

"அக்கா, இவரு அதிகமா குடிப்பாரா?"

கேட்கும்போதே கலைச்செல்வி தலையை இடமும் வலமும் ஒருமுறை அசைத்தாள். மிகச் சிறிதாக. தெரிந்துதான் செய்தாள்.

இசக்கிசெல்வி அவள் முகத்தையே பார்த்தாள். இரண்டு நொடி.

"இல்ல."

"வாரத்துல ஒருநாள்கூட?"

"அந்தப் பழக்கமே கெடையாது. எங்க வீட்டுக்காரவிய காப்பிகூடக் குடிக்க மாட்டாவ."

"அத்ரயும் வேண்டா," என்றார் ஸ்ரீகுமார், போனிலிருந்து தலையைத் தூக்காமல். அவ்வளவு தேவையில்லை. சிரித்தார். இசக்கிசெல்வியும் சிரித்தாள்.

கலைச்செல்வி 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டாள்.

சம்மதப் பத்திரம் நான்கு பக்கம். இசக்கிசெல்வி நான்கு பக்கத்தையும் கேட்டாள்.

"முதுகுல தண்ணி எடுத்தா எந்திரிக்க முடியாமப் போயிருமாமே?"

"யார் சொன்னா?"

"கக்கூஸ் வரிசையில ஒருத்தி."

"அப்படியெல்லாம் இல்லக்கா. மூணாவது பக்கத்துல எழுதியிருக்கு."

"நீ சொன்னா சரி."

கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டு மணிக்குப் பச்சை அட்டை தொங்கியது. இசக்கிசெல்வி அதைத் தொட்டு, கோணலாக இருந்ததை நேராக்கினாள். மூன்று மணிக்கு எம்.ஆர்.ஐ. அவர் அசையாமல் படுக்கவில்லை. உள்ளேயும் கம்பி முறுக்கினார். படங்கள் கலங்கி வந்தன. தெரிந்தவரையில் ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். எட்டாம் நாள் மறுபடி எடுக்க வேண்டும் என்றார்கள்.

வார்டில் பயிற்சி டாக்டர் மீரா. கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பெண். முப்பத்தாறு நோயாளிகள் அவள் கணக்கில். ஒவ்வொருவர் வரலாறும் அவள் எழுத வேண்டும். ஆய்வு நோயாளி என்றால் கலைச்செல்வியின் படிவத்தை வைத்துக்கொண்டு அப்படியே எழுதிவிடுவாள். எல்லாப் பயிற்சி டாக்டர்களும் அப்படித்தான். அந்தப் படிவத்தைப் போல முழுமையான வரலாறு வார்டில் வேறு எங்கும் கிடையாது.

"உங்க ஃபார்ம் இருந்தா நேக்குப் பாதி வேலை தீந்துடறது," என்றாள் மீரா. காய்ச்சல் இரண்டு நாள் என்று எழுதினாள். வாந்தி ஐந்து நாள். மது இல்லை. கேஸ் ஷீட்டுக்கு அது போனது. கேஸ் ஷீட்டிலிருந்து நர்ஸ் புத்தகத்துக்கு. ஐந்து நாளாகச் சாப்பிடாதவர் என்பதால் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு பாட்டில். மறுநாள் இன்னும் இரண்டு.

வியாழக்கிழமை அவர் கைகள் வேறு மாதிரி நடுங்கின. இப்போது கம்பி இல்லை. வெறும் நடுக்கம். கட்டில் சட்டம் கடகடவென்று சத்தம் போட்டது. வேர்த்துக் கொட்டியது. கண்மணிகள் ஓரத்துக்குப் போய் அங்கே நின்று துடித்தன.

மீரா கலைச்செல்வியை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"இவர் குடிக்க மாட்டாரோன்னோ?"

"ஃபார்ம்ல எழுதியிருக்கேனே."

"அது பாத்தேன். குடிக்கறவா திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் நடுங்குவா. குடிக்கறவரா இருந்தா குளுக்கோஸுக்கு முன்னாடியே தயமின் ஊசி போட்டிருக்கணும். வைட்டமின்தான். போடலைன்னா மூளைக்கு ஆபத்து."

"சும்மா போட்டுடலாமே டாக்டர். வைட்டமின்தானே."

"காரணம் எழுதணுமே. இருங்கோ, சாரைக் கேட்டுடறேன்."

போனில் கேட்டாள். ஸ்ரீகுமாரின் குரல் வெளியே வரை கேட்டது. ஆய்வு நோயாளிக்குக் காரணமில்லாமல் எதையும் ஏற்றக் கூடாது. கண் துடிக்கிறது என்றால் மூளைத்தண்டு வரை தொற்று போயிருக்கிறது. நடுக்கமும் அதுதான், நரம்பியல் டாக்டரும் அப்படித்தான் சொல்கிறார். கீழ்ப்பாதி சுத்தமாக இருக்கிறதே, பார்க்கவில்லையா?

"ஓகே சார்," என்றாள் மீரா. கலைச்செல்வியிடம் தோளைக் குலுக்கினாள். "கேட்டாச்சு."

தயமின் ஊசி அந்த வராந்தாவிலேயே இருந்தது. நர்ஸ் மேஜைக்குப் பின்னால், அலமாரியில், பெட்டி பெட்டியாக. வார்டிலேயே மலிவான மருந்து அது. கலைச்செல்விக்கும் அலமாரிக்கும் நடுவே ஆறடி இருக்கும்.

சொல்லலாம். ஒரே வாக்கியம். சொன்னால் படிவம் பொய். அட்டை இறங்கும். இரண்டாவது எம்.ஆர்.ஐ. கிடைக்காது. நரம்பியல் டாக்டர் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போவார். கேஸ் ஷீட்டின் முதல் வரி மாறும். முதல் வரி அப்படி மாறினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய ஒப்பந்தம் என்ன ஆகும் என்பதையும் யோசித்தாள். அதை யோசிக்கவில்லை என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். யோசித்தாள்.

முதுகு நீர் விமானத்தில் போயிருக்கிறது. அதில் ஏதாவது கிருமி இருந்தால்? அப்பாவுக்கு இருந்தது. அப்படியானால் தான் செய்தது சரி.

அவள் அடுத்த வார்டுக்குப் போனாள். அங்கே ஒருவர் காய்ச்சலோடு வந்திருந்தார். கேட்டாள். பதிவேட்டில் எழுதினாள். நான்கு.

சனிக்கிழமை வலிப்பு வந்தது. திங்கட்கிழமை காய்ச்சல் இறங்கியது. நெஞ்சில் சளி இருந்தது, அது கரைந்தது. காய்ச்சலுக்கு அதுதான் காரணம் போலிருந்தது. ஆனால் நினைவு திரும்பவில்லை. இசக்கிசெல்வி அவர் காதுக்குள் ஊர்ப் பெயர்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். திசையன்விளை, உவரி, நவ்வலடி. ஒவ்வொன்றுக்கும் அவர் "ஆமா" என்றார்.

எட்டாம் நாள் இரண்டாவது எம்.ஆர்.ஐ. இந்த முறை அசையாமல் படுத்திருந்தார். மறுநாள் நரம்பியல் பேராசிரியரே வந்து படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். வயதானவர். படத்தைத் தாழ்த்திவிட்டு முதல் கேள்வியாகக் கேட்டார்:

"இயாள் குடிக்குமோ?"

மீரா கேஸ் ஷீட்டைப் புரட்டினாள். "இல்லை சார். ஸ்டடி ஃபார்மிலும் இல்லை."

பேராசிரியர் இசக்கிசெல்வியைப் பார்த்தார். கையைக் கவிழ்த்துக் குடிப்பதுபோல் காட்டினார். இசக்கிசெல்வி அவரைப் பார்க்கவில்லை. கலைச்செல்வியைப் பார்த்தாள். இந்த முறை கலைச்செல்வி தலையை அசைக்கவில்லை. எதுவும் செய்யவில்லை.

"இல்ல," என்றாள் இசக்கிசெல்வி.

பேராசிரியர் படத்தை மறுபடி வெளிச்சத்துக்குத் தூக்கினார்.

"இது தொற்று இல்லை. வைட்டமின் இல்லாமல் போன மூளை. குடிகாரர்களுக்கு வரும். வாந்தி எடுத்துச் சாப்பிடாமல் கிடந்தாலும் வரலாம், அபூர்வம். தயமின் போடு. நரம்பில், இப்போதே, மூன்று வேளை." படத்தை மீராவிடம் கொடுத்தார். "முதல் நாளே போட்டிருந்தால் இன்றைக்கு வீட்டுக்கு நடந்து போயிருப்பான்."

மலையாளத்தில் சொன்னார். இசக்கிசெல்வி கலைச்செல்வியின் முழங்கையைத் தொட்டாள்.

"என்ன சொல்லுதாவ?"

"ஊசி போடச் சொல்றாரு."

"நல்லதா?"

"நல்ல ஊசி."

கண் துடிப்பு இரண்டே நாளில் நின்றது. நடையும் பாதி வந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு. நினைவு வரவில்லை. பழையது இருந்தது. புதியது ஒட்டவில்லை. காலையில் தின்ற இட்லியை மத்தியானம் கேட்டால் இல்லை. இல்லாத இடத்தில் அவர் வேறு எதையாவது வைத்தார். வெளியூர் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. எந்தக் கிருமியும் இல்லை.

இருபத்திரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இசக்கிசெல்வி பச்சை அட்டையைக் கேட்டாள். கொடுப்பதில்லை என்றாள் நர்ஸ். கலைச்செல்வி கழற்றிக் கொடுத்தாள்.

ஆகஸ்டில் ஸ்ரீகுமார் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கணினித் திரையில் ஒரு பெரிய சுவரொட்டி. கொச்சியில் நடக்கும் மாநாட்டுக்கு. நடுவில் உச்சிமாகாளியின் மூளை, கறுப்பு வெள்ளையில். தலைப்பை அவர் தானே வாசித்துக் காட்டினார். குடிப்பழக்கமே இல்லாத நாற்பத்தொரு வயது ஆண், மூளைத் தொற்றுபோல் தோற்றம் காட்டிய வைட்டமின் குறை. மிக அபூர்வம் என்றார். உலகத்திலேயே சில டஜன் பேர்தான் எழுதியிருக்கிறார்கள்.

கீழே சிறிய எழுத்தில் நன்றி. மூன்றாவது பெயர் அவளுடையது.

"சார், அந்த ஹிஸ்டரி."

"எந்த ஹிஸ்டரி?"

"குடி. ஒருவேளை அந்த அக்கா முழுசா சொல்லாம இருந்திருக்கலாம்."

ஸ்ரீகுமார் நாற்காலியைத் திருப்பினார். கோபம் இல்லை. அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"கேட்டது நீயல்லே? நின்னோடு ஆரும் கள்ளம் பறையில்லா. அதுக்கல்லே நின்னை எடுத்தது?"

அவள் திரையில் தன் பெயரைப் பார்த்தாள்.

"நான் பின்னால் நின்று கேட்டேன்," என்றார் மலையாளத்திலேயே. "காப்பிகூடக் குடிக்க மாட்டான் என்று அவள் சொன்னாள். ஓர்மையுண்டு. ஏன், வேறு ஏதாவது தெரியுமா உனக்கு?"

"இல்லை சார்."

அந்தப் பொய்யில் அவள் வாயால் சொன்ன முதல் 'இல்லை' அதுதான். அதுவரை டிக் மட்டுமே போட்டிருந்தாள்.

ஆய்வில் சேர்ந்தவர்களைத் தொண்ணூறாம் நாள் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். நினைவைச் சோதிக்கும் கேள்விகள், முப்பது மதிப்பெண். வழக்கமாக அவள் தனியாகப் போவாள். இந்த முறை ஸ்ரீகுமாரும் வந்தார். மாநாட்டில் காட்ட ஒரு வீடியோ வேண்டும்.

ஓணம் முடிந்த வாரம். சாலை மார்க்கெட்டில் அழுகிய செண்டுமல்லியைக் குவித்து வைத்திருந்தார்கள். பின்புறச் சந்தில் நான்கு அறைகள். கடைசி அறைக்கு வெளியே பூட்டு. உள்ளே ஆள் பேசும் சத்தம். ஒற்றைக் குரல்.

இசக்கிசெல்வி ஓட்டலிலிருந்து ஓடி வந்தாள். கைகளில் வெங்காய வாசனை. முந்தானையிலிருந்து சாவியை அவிழ்த்தாள்.

"மன்னிச்சுக்கிடுங்க சார். பூட்டாம போனா எறங்கிப் போயிருதாவ. போன மாசம் அங்க முக்குல ஒரு கட்டடம் எழும்புது, அதுக்குள்ள போயி ஆளுகளை வேல ஏவுதாவளாம். அடிச்சு வெரட்டியிருக்கானுவ. இங்க கண்ணுல காயத்தப் பாத்துதான் எனக்குத் தெரியும். யாரு அடிச்சான்னு அவியளுக்கே தெரியல."

அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். சுவரில் ஆணி. ஆணியில் பச்சை அட்டை தொங்கியது. சாமி படத்துக்குப் பக்கத்தில்.

உச்சிமாகாளி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. முகம் தெளிவாக இருந்தது. கலைச்செல்வியைப் பார்த்ததும் எழ முயன்று, சுவரைப் பிடித்து, மறுபடி உட்கார்ந்தார்.

"வாங்க மேடம். நீங்க எஞ்சினியர் ஆபீஸ்லா?"

"ஆமா அண்ணே. உக்காருங்க."

ஸ்ரீகுமார் போனை உயர்த்திப் பிடித்தார். தலையசைத்தார்.

"அண்ணே, இது என்ன மாசம்?"

"சித்திர. வெயிலு கொளுத்துதுல்லா?"

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பூஜ்யம்.

"மூணு வார்த்த சொல்றேன், ஞாபகம் வச்சுக்கோங்க. மாம்பழம், சாவி, ரயில்." கொஞ்சம் விட்டுக் கேட்டாள். "அது என்ன மூணு?"

"எது மூணு?"

பூஜ்யம்.

"நேத்து என்ன செஞ்சீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல.

"நேத்தா? நேத்து கல்லாத்துலல்லா நின்னோம். ஆத்தங்கரையில ரிசார்ட்டு. மூணாம் நெலைக்கு ஸ்லாப். பதினாறு எம்.எம். கம்பி. மதியத்துக்குள்ள கட்டி முடிச்சாச்சு."

"அடிபொளி," என்றார் ஸ்ரீகுமார் மெல்ல, மெச்சி. இசக்கிசெல்வி தரையைப் பார்த்தாள்.

"யாரோட போனீங்க?"

"ஞானையனும் நானும்."

"ஞானையன் செத்து மூணு வருசம் ஆச்சு," என்றாள் இசக்கிசெல்வி தரையிடம்.

"சாயங்காலம்?"

"சாயங்காலம் என்ன, வழக்கம்போலதான். பிவறேஜ் கடை கியூவுல போயி நின்னோம். ஆளுக்கொரு குப்பி. அது இல்லாம இந்த முதுகு நிமிருமா மேடம்? தினமும் உள்ளதுதான். இவகிட்ட கேளுங்க. சண்டைக்கு வருவா. ஆறு வருசமா சண்டைதான்."

கலைச்செல்வி பேனாவைக் காகிதத்தில் ஊன்றியிருந்தாள். மை பரவியது.

ஸ்ரீகுமார் போனை இறக்கினார். கண்கள் பளபளத்தன.

"கேட்டோ? குடிக்காத ஆள்! வாழ்க்கையில் தொடாத ஒன்றை எத்தனை விவரமாகச் சொல்கிறான், பார். மூளை இப்படித்தான் ஓட்டையை அடைக்கும். மாநாட்டில் ஒருத்தன் தூங்க மாட்டான்." இசக்கிசெல்வியிடம் திரும்பினார். "இது ஒந்நும் சத்தியம் அல்லல்லோ?"

இசக்கிசெல்வி கலைச்செல்வியைப் பார்த்தாள். பிறகு கணவரை. அவர் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார், சாட்சி சொல்லிவிட்டு வந்தவர் போல.

"இல்ல சார்," என்றாள். "இப்படித்தான். நடக்காததெல்லாம் சொல்லுதாவ."

"பாவம்," என்றார் ஸ்ரீகுமார். உண்மையாகவே சொன்னார். அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே சந்துக்கு இறங்கினார்.

கலைச்செல்வி மதிப்பெண்ணைக் கூட்டினாள். முப்பதுக்கு ஒன்பது. நேற்றைய தினம் பற்றிய கேள்விக்குத் தவறான பதில் என்று குறித்தாள். பக்கத்தின் கீழ் மூலையில் கடைசிக் கேள்வி மிச்சமிருந்தது. கடந்த தொண்ணூறு நாளில் மது. அதையும் இல்லை என்று குறித்தாள். அது மட்டும் உண்மை.

"எம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

இசக்கிசெல்வி குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

"அன்னைக்கு நான் ஆமான்னு சொல்லியிருந்தா, அட்ட தந்திருப்பாவளா?"

"தந்திருக்க மாட்டாங்க."

"ஸ்கேன்?"

"உடனே கிடையாது."

"பெரிய டாக்டரு?"

"வந்திருக்க மாட்டாரு."

இசக்கிசெல்வி மூச்சை விட்டாள். மூன்று மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு போலிருந்தது.

"நான் ராத்திரியெல்லாம் பயந்து கெடந்தேன் பாத்துக்க. பொய் சொன்னதுக்குத்தான் சாமி இவியள இப்படி ஆக்கிட்டோன்னு. இல்லேல்லா?"

கலைச்செல்வி படிவத்தைப் பைக்குள் வைத்தாள். பையின் ஜிப் பாதியில் சிக்கியது. இழுத்தாள்.

"இல்லக்கா."

"நல்லவேள, நீ தலைய ஆட்டுன. நீ இல்லேன்னா இவிய செத்தே போயிருப்பாவ."

அவள் கலைச்செல்வியின் கன்னத்தைத் தொட்டாள். வெங்காயம் கண்ணில் ஏறியது.

வெளியே வந்தார்கள். இசக்கிசெல்விக்கு ஓட்டலுக்குத் திரும்ப வேண்டும். கதவைச் சாத்தி, பூட்டைக் கொண்டியில் மாட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மேடம், நாளைக்குக் கான்கிரீட் எத்தன மணிக்கு?"

கலைச்செல்வி நின்றாள். இசக்கிசெல்வி சாவியை முந்தானையில் முடிந்தபடி, கதவைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஏழு மணிக்கு. தூங்குங்க."

"ஏழுக்கா? அப்ப ஞானையன்கிட்ட சொல்லிரு."

"சொல்லிட்டேன்."

சந்தின் முனையில் ஸ்ரீகுமார் கையை ஆட்டிக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து போன். காய்ச்சலோடு, நினைவு தடுமாறி ஒரு ஆள். கட்டட வேலைக்காரர். தமிழர்.